பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

அந்தக் கேசட்டுகள் பலவற்றில் பாட்டு முழுசாக இருக்காது. தொடங்கும், இரண்டு மூன்று வரி போகும், 'டக்'கென்று ஒரு சத்தம், அடுத்த நொடி அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். பதிவு செய்த ஆள் நடுவில் பாஸ் பொத்தானை அமுக்கிவைத்திருக்கிறார். நியாயம்தான். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பாட்டு எந்த ரெக்கார்டுக் கடையிலும் கிடைக்கும். அவருக்கு வேண்டியிருந்தது நிலையத்தின் பெயர், அலைவரிசை, பேசுவது யார், மணி என்ன என்பதுதான். ஆகவே 1980-களில் உரிமம் இல்லாமல் நடந்த டப்ளின் பைரேட் ரேடியோக்கள் நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பது இப்படித்தான்: ஒரு தரைவிரிப்புக் கடையின் தள்ளுபடி, மணி எட்டு இருபது, மேற்கிலிருந்து மழை, நிலையத்தின் பெயரைப் பாடும் நாலு நொடி ஜிங்கிள், யாரோ ஒருத்திக்குப் பிறந்தநாள் வாழ்த்து, மறுபடியும் தரைவிரிப்பு.

எனக்கு இது பெரிய அதிர்ஷ்டம். அந்தக் காலத்துப் பாட்டுகள் இன்றைக்கும் ஈப்போவில் எந்தப் பேரங்காடிக்குள் நுழைந்தாலும் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கின்றன. நடுவில் வந்ததுதான் வேறெங்கும் இல்லை. ராத்திரி சாப்பாடு ஆனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். "மூடிப்போன கடைக்கு விளம்பரம் கேக்குற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள் மனைவி. அவள் தப்பு. நிறையப் பேர் இருக்கிறோம். டப்ளின் சிட்டி பல்கலைக்கழகமே இந்த நிலையங்களின் பதிவுகளையும் காகிதங்களையும் தன் ஊடக வரலாற்றுத் தொகுப்பில் சேர்த்து வைத்திருக்கிறது.

பதிவு செய்தவர்களில் கணிசமானவர்கள் அயர்லாந்துக்காரர்களே இல்லை என்பது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், வடவேல்ஸிலும் லிவர்பூலிலும் பிளாக்பூலிலும் இருந்த ஆங்கிலேயர்கள். பகல் நேரத்தில் மத்திய அலை தரையை ஒட்டி ஊர்ந்து போகும். மலையும் மண்ணும் அதைத் தின்றுவிடும், உப்புத் தண்ணீர் தின்னாது. அதனால் டப்ளினில் ஏறும் ஒலி, உள்நாட்டில் சில கவுண்டிகளைத் தாண்டத் திணறினாலும், ஐரிஷ் கடலைச் சுலபமாகத் தாண்டிப் போய் எதிர்க்கரையில் இறங்கிவிடும். அங்கே அதற்காகக் காத்திருந்தவர்கள் ஒரு தனி ஜாதி. 1967-இல் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுக் கப்பல் வானொலிகளை ஒழித்த நாளிலிருந்து துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள். அனோரக் என்று அவர்களைக் கேலி பேசுவார்கள். அவர்களும் அதையே பட்டமாக வைத்துக்கொண்டார்கள். விடுமுறை கிடைத்தால் ஹோலிஹெட்டில் கப்பலேறி டன் லேரியில் இறங்குவார்கள். விடுதி அறையில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, டயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நிலையம் நிலையமாகப் பதிவு செய்துகொண்டு ஊர் திரும்புவார்கள். டப்ளினைச் சுற்றிப் பார்த்தார்களா என்பது சந்தேகம்.

நிலையங்கள் தாங்களாக எதையும் சேமித்து வைத்தவையல்ல. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத இடத்தில் யார் நாடாவைப் பத்திரப்படுத்துவார்கள்?

நான் 1981-இல் அங்கே போனேன். ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்கு எதிரே இருக்கிற அறுவை மருத்துவர் கல்லூரியில் அந்தக் காலத்தில் மலேசியப் பிள்ளைகள் ஏராளம். சீனர், மலாய்க்காரர், எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து தப்பித் தவறிப் படித்து மேலே வந்த தமிழர் சிலர். அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி. வீட்டில் ரேடியோவுக்கு உரிமம் வாங்கிய ரசீதை மண்ணெண்ணெய் ரசீதுகளோடு கம்பியில் குத்தி வைத்திருப்பார். யாராவது அதிகாரி வந்து கேட்டால் காட்டவேண்டுமாம். யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை. பாட்டு கேட்பதற்கே சர்க்காரிடம் சீட்டு வாங்கவேண்டும் என்று நம்பிய வீட்டிலிருந்து போனவன், ஒலிபரப்புவதற்கே சீட்டு வாங்காதவர்கள் தங்கள் விலாசத்தையும் டெலிபோன் எண்ணையும் மணிக்கு நாலு தரம் வானொலியில் சொல்லும் ஊரில் போய் இறங்கினேன்.

ராத்மைன்ஸில் அறை. மீட்டரில் நாணயம் போட்டால்தான் மின்சாரம். அறையைப் பகிர்ந்துகொண்ட பினாங்கு நண்பன் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தான். மீட்டரில் காசு தீர்ந்து விளக்கு அணைந்தாலும் பேட்டரியில் அது பாடிக்கொண்டிருக்கும். இருட்டில், கோட்டோடு போர்வைக்குள் படுத்துக்கொண்டு கேட்போம். வெளியே நிலக்கரிப் புகை. புகைபோக்கிகள் எல்லாம் சேர்ந்து ராத்திரியில் தெருவிளக்கையே மங்கடித்துவிடும். அந்தக் கரியை டப்ளினில் தடை செய்தது 1990-இல், நாங்கள் இருமி முடித்து ஊர் திரும்பிய பிறகு.

ரேடியோ நோவா அந்த வருஷக் கோடையில்தான் தொடங்கியிருந்தது. எஃப்எம்மில் 88.5, மத்திய அலையிலும் உண்டு. அதற்கு முன்னும் டப்ளினில் பைரேட்டுகள் நிறைய இருந்தன. கொல்லைப்புறக் கொட்டகையில், 807 வால்வு போட்டு வீட்டிலேயே கட்டிய டிரான்ஸ்மிட்டரில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிற பையன்கள். நோவா அந்த ரகம் இல்லை. ஸ்டீரியோவில், அடர்த்தியாக, ஓர் இமைப்பொழுது மௌனம் கூட இல்லாமல், அமெரிக்க நிலையம் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டுவந்து ஹெர்பர்ட் தெருவில் நட்டதுபோல இருந்தது. பேசியவர்களில் பலர் சுத்தமான டப்ளின் பையன்கள்தான்; மைக்கைத் திறந்ததும் பாதி அட்லாண்டிக்கைத் தாண்டிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த உச்சரிப்பு ஆகவே ஆகாது. அவர் சமையலறையில் அரசு வானொலிதான் ஓடும். ஆனால் காலையில் மணி பார்க்க எங்கள் அறைக் கதவைத் தட்டி, "உங்க ஆள் மணி என்ன சொல்றான்?" என்று கேட்பார். நோவா மணி சொல்லிக்கொண்டே இருக்கும். அதை நம்பித்தான் நானும் ஜெர்விஸ் ஸ்ட்ரீட் மருத்துவமனைக்கு பஸ் பிடித்தேன்.

1982 ஜனவரியில் பனி பெய்தது. பெய்தது என்று எழுதினால் போதாது, நகரம் நின்றுபோனது. ஜனவரி 8-ஆம் தேதி கதவைத் திறந்தால் தெரு இல்லை. பனியைச் சமாளிக்கத் துணைப் பிரதமர் மைக்கேல் ஓ'லியரியைப் பொறுப்பில் போட்டார்கள். ஊர் அவருக்குப் 'பனி மந்திரி' என்று பேர் வைத்துவிட்டது. நாங்கள் மூன்று மலேசியர்கள் அந்தச் சிறிய ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து எந்தப் பஸ் ஓடுகிறது, எந்தக் கடையில் ரொட்டி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அறிவிப்பாளர்கள் வீட்டுக்குப் போகவும் வழியில்லாமல் மைக்கோடு கிடந்தார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது, குரல் கட்டியிருந்தது. ஓர் ஊரில் நானும் ஓர் ஆள் என்று முதன்முதலாக உணர்ந்தது அந்த வாரம்தான். அந்த வாரத்துப் பதிவு ஒன்று எங்காவது இருக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பனியில் ஹோலிஹெட் கப்பலேறி வரும் அளவுக்கு எந்த அனோரக்குக்கும் பைத்தியம் முற்றவில்லை போலும்.

நோவாவை நடத்தியவர் கிறிஸ் கேரி. ஆங்கிலேயர், ஒருகாலத்தில் ஸ்பாங்கிள்ஸ் முல்டூன் என்ற கோமாளிப் பெயரில் கரோலைன் கப்பலிலிருந்து பேசியவர். போர்ட்மார்னக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் இயங்கிய சன்ஷைன் ரேடியோவை நடத்தியவர் ராபி ராபின்சன். இவரும் கரோலைன் ஆள்தான், அங்கே ராபி டேல் என்று பெயர். 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவு, கப்பல் வானொலியில் வேலை செய்வது குற்றம் என்று சட்டம் அமலுக்கு வந்தபோது, இறங்க மாட்டேன் என்று கரோலைனில் தொடர்ந்து பேசியவர்களில் ஒருவர். சட்டம் துரத்திய கப்பலாட்கள் பதின்மூன்று, பதினான்கு வருஷம் கழித்துச் சட்டம் சோம்பிக்கிடந்த ஒரு தலைநகரத்தில் கரையேறினார்கள்.

கரையேறினார்கள் என்பதைவிடத் திரும்பி வந்தார்கள் என்று எழுதலாம். கரோலைனே அயர்லாந்தில் கட்டிய கப்பல் நிலையம். அதைத் தொடங்கிய ரோனன் ஓ'ராஹிலியின் குடும்பத்துக்கு லௌத் கவுண்டியில் கிரீனோர் என்ற சொந்தத் துறைமுகமே இருந்தது. அங்கே வைத்துத்தான் கப்பலுக்குக் கம்பமும் டிரான்ஸ்மிட்டரும் பொருத்தினார்கள். 1964 ஈஸ்டர் வாரத்தில் அது இங்கிலாந்துக் கரையோரம் நின்று பாட ஆரம்பித்தது. இந்த ரோனனுடைய தாத்தா 1916 ஈஸ்டர் கிளர்ச்சியில் மூர் தெருப் பக்கம் பிரிட்டிஷ் துப்பாக்கிக்கு விழுந்த ஓ'ராஹிலி. கிளர்ச்சி தோற்கும் என்று எதிர்த்துப் பேசிவிட்டு, தொடங்கியதும் தானும் போய்ச் சேர்ந்துகொண்டவர். அதே கிளர்ச்சியின் இரண்டாம் நாள், ஏப்ரல் 25, சாக்வில் தெருவின் முனையில் மூடிக்கிடந்த வயர்லெஸ் பள்ளிக்கூடத்தைக் கிளர்ச்சிக்காரர்கள் கைப்பற்றி, பழுதான கருவியை ஒட்டுப்போட்டு, ஐரிஷ் குடியரசு பிறந்துவிட்டது என்று மோர்ஸ் குறியில் வானத்தைப் பார்த்து அனுப்பினார்கள். யாருக்கு என்று குறிப்பிட்ட விலாசம் இல்லை. காதிருக்கிறவர் கேட்கட்டும் என்று விட்டதுதான். அதனால் உலகின் முதல் ஒலிபரப்பு அதுதான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அது உரிமம் இல்லாத ஒலிபரப்பு என்பதில் மட்டும் யாருக்கும் வாதம் இல்லை. பிரிட்டிஷ்காரனிடமா போய் உரிமம் கேட்பார்கள்?

அப்படிப் பிறந்த அரசு, பத்து வருஷம் கழித்து, 1926-இல், தன் வானொலிச் சட்டத்தைத் தானே எழுதியது. உரிமம் இல்லாமல் கருவி வைத்திருப்பது குற்றம். ஆனால் அபராதம் அன்றைய கணக்கில் போட்டது. அரை நூற்றாண்டு பணவீக்கத்தில் அது சில்லறைக் காசாகிவிட்டது. ஒரு மணி நேர விளம்பரத்தில் கட்டிவிட்டுப் போகலாம் என்ற நிலை. அரசு வானொலியான ஆர்.டி.இ.யோ இளைஞர்களுக்கென்று ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது. பையன்கள் ராத்திரியில் ரேடியோ லக்சம்பர்க்கை, அலை ஏறி இறங்க, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். பைரேட்டுகள் பெருகியதைப் பார்த்த பிறகுதான் 1979 மே 31-இல் ஆர்.டி.இ. இரண்டாவது நிலையம் ஒன்றை, பாப் பாட்டுக்கென்றே, திறந்தது. அங்கே பேச ஆள் வேண்டுமே? பைரேட்டுகளிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ரேடியோ டப்ளினிலும் பிக் டி-யிலும் பேசிப் பழகிய டேவ் ஃபானிங் அப்படி வந்தவர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. கேஸ்கர் அமைச்சராயிருந்த காலத்தில் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கியது, ஊரே இலங்கை வானொலிக்குப் போனது, அப்புறம் 1957-இல் விவித் பாரதி வந்தது. ஒரே வித்தியாசம், இலங்கை வானொலி பக்கத்து நாட்டு அரசு நிலையம். டப்ளினில் அது அடுத்த தெரு.

1983 மே 18. தேர்வுக் காலம். நான் 88.5-ஐ வைத்துக்கொண்டுதான் உடற்கூறு படிப்பேன். எலும்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஒரு ஜிங்கிள் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு நோவா நின்றுபோனது. தபால் தந்தித் துறை அதிகாரிகள் போலீஸோடு போய்க் கருவிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் சன்ஷைன். என் நண்பன் டயலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சுடா" என்றான். பஸ்ஸில், கல்லூரிக் கேன்டீனில், கடையில், எல்லாரும் அதையே பேசினார்கள். ஒரு வானொலி நிலையத்துக்காக இத்தனை பேர் கோபப்படுவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1926 சட்டம் அரசியல் சாசனத்துக்குப் பொருந்துமா என்று நிலையங்கள் கேட்டன. எடுத்த கருவிகளை இடைக்காலமாகத் திருப்பித் தர நீதிபதி மறுத்தார். ஆனால் கேட்ட கேள்வி காலிக் கேள்வி அல்ல என்றும் சொல்லிவிட்டார். அதற்குள் நோவா வேறு கருவி வைத்து மறுபடி பாடிக்கொண்டிருந்தது. எலும்புகள் என் தலைக்குள் வரிசைக்கு வந்தன.

நகரத்துக்கு வெளியே கதை வேறு மாதிரி, என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் நல்ல கதை. மேற்கே கானமாராவில், ரோஸ்மக் என்ற கிராமத்தில், 1970 ஈஸ்டரின்போது, ஐரிஷ் மொழி பேசும் இளைஞர்கள் சிலர் அந்த மொழியிலேயே ஒரு பைரேட் நிலையம் நடத்திக் காட்டினார்கள். எங்கள் மொழிக்கு வானொலி இல்லை என்று மனுப் போட்டுப் போட்டு அலுத்தவர்கள். சில நாள்தான் ஓடியது. இரண்டே வருஷத்தில், 1972 ஏப்ரலில், அரசு ராடியோ ந கேல்டாக்டாவைத் தொடங்கியது. மனுவைவிட டிரான்ஸ்மிட்டர் வேகமாக வேலை செய்தது. கிழக்கே டண்டாக் பக்கம் ரேடியோ கரோசல், வாட்டர்ஃபோர்டில் டபிள்யு.எல்.ஆர்., கார்க்கில் ஈ.ஆர்.ஐ., பிரே ஊரில் உள்ளூர்க்காரர்களே நடத்திய பி.எல்.பி. வட அயர்லாந்து எல்லையை ஒட்டி மோனகனில் ஒரு கூட்டம். அவை நின்றது தெற்கில், விளம்பரம் வாங்கியது வடக்கில். எல்லைச் சோதனைச் சாவடியில் பட்டாளத்தான் காரை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்லுவான். காருக்குள் ஓடுகிற கன்ட்ரி பாட்டு இரண்டு பக்கத்துக்கும் பொது.

இந்த ஊர் நிலையங்களின் கேசட்டுகளைத்தான் நான் இப்போது அதிகம் கேட்கிறேன். மாட்டுச் சந்தை நிலவரம், சனிக்கிழமை நடன மண்டபத்தில் எந்த இசைக்குழு, தொலைந்துபோன நாய், பிறகு மரண அறிவிப்பு. இறந்தவர் பெயர், ஊர், உடல் எந்த நேரத்தில் கோவிலுக்கு வரும், அடக்கம் எங்கே. அதை வாசிக்கும்போது மட்டும் அறிவிப்பாளரின் அமெரிக்கா கழன்று விழுந்து சொந்த ஊர் நாக்கு வந்துவிடும். அடுத்த நொடி மறுபடி அமெரிக்கா. நானும் மருத்துவனாகப் பின்னாளில் எத்தனையோ இறப்புச் செய்திகளை எத்தனையோ வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறேன். குரலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

கேசட்டுக்குத் தேதி கண்டுபிடிப்பது தனிக் கலை. அட்டையில் பால்பாயின்ட் பேனாவில் "நோவா, கோடை" என்று மட்டும் இருக்கும். எந்தக் கோடை? தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். டப்ளின் எண்கள் ஆறு இலக்கத்திலிருந்து ஏழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. லாட்டரிப் பேச்சு வந்தால் 1987 அல்லது அதற்குப் பின். டார்கிள் ஆறு கரையுடைத்து பிரே ஊருக்குள் புகுந்ததைச் சொன்னால் 1986 ஆகஸ்ட் கடைசி. சார்லி என்ற புயலின் வால் அது. அலை வேறுபாட்டையும் காது பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் நிற்கவேண்டும் என்பது 1978-இல் அமலான ஏற்பாடு. பைரேட்டுகள் நினைத்த இடத்தில் நிற்பார்கள். சன்ஷைன் முதலில் நின்ற 539-ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், வராது. அப்படி நடுவில் நிற்கும்போது பக்கத்து நிலையத்தோடு உரசி மெல்லிய விசில் ஒன்று பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். கேசட்டிலும் அது இருக்கிறது. சில அன்பர்கள் இப்போது கணினியில் போட்டு அந்த விசிலைச் சுத்தம் செய்து வெளியிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நாங்கள் கேட்டது விசிலோடுதான்.

எல்லாவற்றையும் இப்படிக் கொஞ்சிக்கொண்டு கேட்க முடியாது. ரேடியோ டப்ளின் என்று ஒன்று, 253 மீட்டரில். நோவாவுக்கும் முந்தியது. பல பேர் பேசக் கற்றுக்கொண்டதே அங்கேதான். அதை நடத்திய ஏமன் குக் தன்னைக் கேப்டன் என்று அழைத்துக்கொள்வார். 1978-இல் அதிகாரிகள் வந்து பிடுங்கிய பிறகும் மறுபடி மறுபடி ஒலிபரப்பிய வீரர் என்று அந்நாளில் பேர். அவர் பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமை செய்தவர் என்று பல பத்தாண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் நிரூபணமாகிச் சிறைக்குப் போனார். அந்த நிலையத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆசையாக வந்து நின்ற காலம் அது. மைக், ரெக்கார்டு, பெயர் சொல்லி வாழ்த்து. அந்த நிலையத்தின் பழைய நாடா ஒன்றில் குழந்தைக் குரல் ஒன்று சிரித்துக்கொண்டே யாருக்கோ வணக்கம் சொன்னது. நிறுத்திவிட்டேன். உரிமம் இல்லை, மேற்பார்வை இல்லை, கேட்பாரில்லை என்பதை எல்லாம் சுதந்திரம் என்று நாங்கள் கொண்டாடினோம். கேட்பாரில்லாத இடத்தில் யார் யாருக்கு எது சௌகரியம் என்று இருபது வயதில் யோசிக்கவில்லை. அந்தப் பதிவுகளும் ஆவணம்தான், காக்கப்பட வேண்டியவைதான். நான் அவற்றை ரசிப்பதற்காகக் கேட்பதில்லை.

நோவாவும் தேவர்கள் நடத்தியதல்ல. அங்கே செய்திப் பிரிவு நன்றாக இருந்தது, பின்னாளில் ஆர்.டி.இ.யின் மாலைச் செய்தி முகமாக இருந்த பிரையன் டாப்சன் அங்கே வேலை பார்த்தவர். அதே நோவாவின் வாசலில் பத்திரிகையாளர் சங்கத்தினர் பதாகையோடு நின்ற நீண்ட தகராறும் நடந்தது. வேலையில்லாதவர் நூற்றுக்குப் பதினேழு பேர் என்று இருந்த நாட்டில் யார் யாரை வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம். எங்கள் தோட்டத்தில் சங்கம் என்றால் என்ன, நிர்வாகம் என்றால் என்ன என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மாதங்களில் ரேடியோவைத் திருகும்போது கை கொஞ்சம் தயங்கும். திருகாமல் இருந்ததில்லை. 1986 மார்ச் 19-இல் நோவா மூடியது. கேரி பிறகு இங்கிலாந்தில் செயற்கைக்கோள் டிவியின் கள்ள அட்டைகள் செய்து சிறைக்குப் போனார், 2008-இல் காலமானார். அந்த மனிதருக்கு உரிமம் என்ற சொல்லோடு பிறவிப் பகை.

நான் 1987-இல் ஊர் திரும்பிவிட்டேன். கடைசிக் காட்சி அடுத்த வருஷம். புது ஒலிபரப்புச் சட்டம் வந்தது. இந்தத் தடவை அபராதம் சில்லறை இல்லை. 1988 டிசம்பர் 31-க்குள் அணைத்துவிட்டு வந்தால்தான் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு நிலையமாக விடைபெற்றுக்கொண்ட அந்தக் கடைசி நாட்களின் கேசட்டுகள்தான் இன்று அதிகம் சுற்றுகின்றன. அந்த நேரம் நான் தைப்பிங் அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். அழுதுகொண்டே பேசும் அந்த அறிவிப்பாளர்கள் பலரை எனக்குப் பெயரால்கூடத் தெரியாது. இருந்தும் கேட்கும்போது அங்கே இருந்ததுபோல இருக்கிறது. எந்த விளம்பரத்துக்குப் பின் எந்த விளம்பரம் வரும் என்றுகூட இப்போது சொல்லிவிடுவேன். என் சொந்த நினைவில் எது காதில் விழுந்தது, எது கேசட்டில் கிடைத்தது என்று பிரிப்பது வர வர சிரமமாகிறது.

உரிமம் யார் யாருக்குப் போனது என்பது பாடாவதிக் கதை. வாட்டர்ஃபோர்டின் டபிள்யு.எல்.ஆர். போன்ற சில பழைய பைரேட்டுகளுக்குக் கிடைத்தது. நாடு முழுக்கக் கேட்கும் ஒரே தனியார் உரிமம் செஞ்சுரி ரேடியோவுக்கு. 1989 செப்டம்பரில் தொடங்கி 1991 நவம்பரில் நொடித்துப்போனது. சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் ரே பர்க், அந்த நிறுவனத்தின் முதலாளிகளில் ஒருவரிடமிருந்து 35,000 பவுண்டு வாங்கியிருந்தார் என்பது பிறகு விசாரணை ஆணையத்தில் வெளிவந்தது. உரிமம் இல்லாதவர்களைத் திருடர்கள் என்று சொல்லி மூடிய சட்டத்தின் வாசற்படியிலேயே இது. அயர்லாந்துக்காரர்கள் இதைச் சொல்லும்போது கோபப்படுவதில்லை, சிரிக்கிறார்கள்.

பினாங்கு நண்பன் இப்போது மெல்பர்னில் இருக்கிறான். ஒரு பதிவு கிடைத்தால் அவனுக்கு அனுப்புவேன். பதிலுக்குச் சண்டை வரும். அவனைப் பொறுத்தவரை டப்ளினில் கேட்கத் தகுந்த நிலையம் சன்ஷைன் ஒன்றுதான், நோவா வெறும் மெஷின். நோவா மூடியபோது நான் சாப்பிடாமல் படுத்தேன் என்று வேறு கதை கட்டுகிறான். இப்போது நோவா, சன்ஷைன் இரண்டு பெயரிலும் டப்ளினில் முறையாக உரிமம் வாங்கிய நிலையங்கள் நடக்கின்றன, 2010 முதல். அதில் எதை அவன் கேட்கிறான் என்று போன வாரம் விசாரித்தேன். இரண்டையும் இல்லையாம். பாட்டு அதிகமாகப் போடுகிறார்களாம்.